புளி தேய்த்த பித்தளை

அத்தியாயம் 17

ஷானவாஸின் வலது கை வெந்து இன்றோடு பதினோரு நாள். பதினோரு நாளாக சகீலாவின் வாய்க்கு ஓய்வில்லை.

"வாயைத் திற" என்றாள். புட்டைப் பழத்தோடு பிசைந்து உருட்டி வைத்திருந்தாள்.

"நான் என்ன பச்சைப் புள்ளையா? இடது கை இருக்குல்லம்மா" என்றான் ஷானவாஸ். அவனுக்கு இருபத்தேழு வயது. நோன்புப் பெருநாள் கழிந்தால் கல்யாணம்.

"இடது கையால சாப்பிடுவியா? என் உயிர் இருக்கிற வரைக்கும் அது நடக்காது." சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். குரல் தானாக உயர்ந்தது. "புள்ளை கையை வேக வச்சவங்க நல்லாத்தான் சாயா குடிச்சிட்டு இருக்காங்க!"

அடுக்களையில் இருந்தவள் மூத்த மருமகள் நிஸா. அவள் சாயா குடிக்கவில்லை. ஷானவாஸுக்குக் காலை மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிக்கொண்டு வெளியே வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

நடந்தது தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் சகீலாவின் கணவர் தாவூது ராவுத்தர் வீட்டுக்குக் கார்ப்பெட் கழுவுகிற தொழில். யூதத் தெருவான ஜூ டவுனின் பழம்பொருள் கடைகள், ஹோட்டல்கள், பள்ளிவாசல்கள் எல்லாம் இவர்களைத்தான் கூப்பிடும். ஐந்து வருஷம் முன்பு கையால் தேய்த்துக்கொண்டிருந்தவர்களை, வெந்நீர் பீய்ச்சி அழுக்கோடு உறிஞ்சுகிற மெஷின் வாங்க வைத்தவள் நிஸா. கணவன் ஷாஹிர் வண்டி ஓட்டுவான், கார்ப்பெட்டைத் தூக்குவான். யோசிக்கிற வேலையை அவன் மனைவியிடம் விட்டு நிம்மதியாகிவிட்டான்.

மெஷினிலிருந்து போகிற ஹோஸின் நுனியில் ஒரு கப்ளிங் உண்டு. அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், வளையத்தைப் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். முதலில் பிளாஸ்டிக்கில் இருந்தது. ஆறு மாதம் முன்பு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளையில் வாங்கி மாட்டியவளும் நிஸாதான். நோன்புக்குப் பதினைந்து நாள் முன்னால் வருகிற பராஅத் கழிந்த மறுநாள் காலை, ஜூ டவுனில் ஒரு கடைக்குள் வைத்து அந்தக் கப்ளிங் தெறித்தது. கொதிநீர் முழுக்க ஷானவாஸின் வலது கையில் கொட்டியது.

அன்றிலிருந்து சகீலாவுக்கு ஒரே பாட்டு. "அவ வாங்கின சாமான். அவ வாங்கின சாமான்."

முந்தாநாள் பள்ளுருத்தியிலிருந்து மணப்பெண் ஆஷிஃபாவின் அம்மா போன் பண்ணினாள். "விரல் மடங்குமா? நிக்காஹ் புத்தகத்துல கையெழுத்துப் போட முடியுமா?" என்று தேன் தடவிய குரலில் கேட்டாள். "எல்லாம் பெருநாள் கழிஞ்சு பார்ப்போம்" என்று வைத்துவிட்டாள். சகீலா அரைமணி நேரம் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே நிஸாவிடம் போனாள்.

"உனக்கு ஒரு புள்ளை இருந்தா, அடுத்தவ புள்ளை துடிக்கிறது தெரியும். உனக்கு எங்கே தெரியப் போகுது?"

கல்யாணமாகி ஏழு வருஷமாகக் குழந்தை இல்லாதவளிடம் இதைச் சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும். சகீலாவிடம் அது தாராளமாக இருந்தது.

இன்று காலை தாவூது முடிவாகச் சொல்லிவிட்டார். "அசர் தொழுதுட்டு வந்து உக்காருவோம். கிடங்குச் சாவி யாரு கையில இருக்கணும்ங்கிறது இன்னைக்குத் தீரணும்." சாவி நிஸாவின் இடுப்பில் இருந்தது. அது போனால் மெஷினும் போயிற்று, தொழிலும் போயிற்று. பிறகு அவளுக்கு இந்த வீட்டில் அடுக்களையும் மாமியாரின் வாயும்தான் மிச்சம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை கிடந்தது. நோன்பு பிறக்க நாலு நாள். பெரிய பள்ளிவாசலின் விரிப்புகளை அதற்குள் கழுவிக் கொடுத்தாக வேண்டும். புதுக் கப்ளிங் வாங்காமல் மெஷின் ஓடாது.

"நான் கொச்சங்காடிக்குப் போயிட்டு வர்றேன் மாமா" என்றாள் நிஸா.

"தனியாப் போய் மறுபடியும் எமனை வாங்கிட்டு வரவா?" சகீலா எழுந்துவிட்டாள். "நானும் வர்றேன். இந்தத் தடவை நான் பார்த்து எடுக்கிறேன்."

பாத்திரம் எடுப்பதில் சகீலாவுக்கு நல்ல பேர். விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, கையில் தூக்கிப் பார்த்து எடுப்பாள். சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குச் சீர் என்றாலும் அண்டா வாங்க இவளைத்தான் கூட்டிப் போவார்கள்.

"வாங்க மாமி" என்றாள் நிஸா. தெறித்த பழைய கப்ளிங்கை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

வாஞ்சிநாதன் பாலக்காட்டுக்காரர். கொச்சங்காடியில் முப்பது வருஷமாகப் பம்பும் ஹோஸும் விற்கிறார்.

"வாங்கோ நிஸா. உக்காருங்கோம்மா. பையனுக்குக் கை எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றாள் சகீலா. "உங்க சரக்கோட கைங்கரியம்."

வாஞ்சிநாதன் மேஜைமேல் நாலைந்து கப்ளிங்குகளை எடுத்துப் பரப்பினார். சகீலா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள். கடைசியில் தங்கம் போல் மின்னிய ஒன்றைத் தூக்கி நிஸாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை எடு. என்ன மினுக்கம் பாரு! நீ வாங்கினது ரெண்டே மாசத்துல கறுத்துப் போச்சு."

வாஞ்சிநாதன் அதை வாங்கி அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் தோல் உரிந்து உள்ளே சாம்பல் வெள்ளை தெரிந்தது.

"மேலே பூச்சாக்கும். உள்ளே வெறும் ஜிங்க். தோட்டத்துக்குப் பச்சைத்தண்ணி விட இது மதி, போறும். கொதிக்கற வெள்ளம் போனா மரை தேஞ்சு ஒருநாள் கையோட வந்துடும்."

சகீலாவின் மூக்கு அறுபட்டது. விடுவாளா? அடுத்ததை எடுத்தாள். "இது கனமா இருக்கு."

அவர் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். கப்பென்று ஒட்டிக்கொண்டது. "இரும்பு. நம்ம ஊர் உப்புக்காத்துல பத்தே நாள்ல துரு ஏறிடும். அந்தத் துரு ஹோஸ் வழியா இறங்கி விரிப்புல கறையா விழும். அப்புறம் பள்ளிக்காரா உங்களைச் சும்மா விடுவாளா?"

"அப்ப இந்த வெள்ளைக்காரன்?"

"ஸ்டெயின்லெஸ். நல்ல சாமான்தான். பட்சே உங்க மெஷின்ல இருக்கற மரையும் அதே ஜாதி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுப் பிடிச்சுண்டா அப்புறம் ரம்பம் வச்சுத்தான் எடுக்கணும்."

நிஸா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "உடம்பு முழுக்கப் பித்தளை. உள்ளே குண்டும் ஸ்பிரிங்கும் ஸ்டெயின்லெஸ். வாஷர் கொதிவெள்ளம் தாங்குற ரகம். போன தடவை எடுத்த அதே சாமான்தான் சேட்டா."

"கேட்டீங்களா?" சகீலா நெஞ்சில் கை வைத்தாள். "என் புள்ளையை வேக வச்ச சாமானையே திரும்பக் கேக்குறா! ஒரு கை பத்தலை போல, இன்னொண்ணும் வேணுமாம்."

நிஸா துணியைப் பிரித்துப் பழைய கப்ளிங்கை மேஜைமேல் வைத்தாள். "இதை நெடுக்க அறுத்துக் காட்டுங்க. உள்ளே என்ன சரக்குன்னு மாமி கண்ணால பார்க்கட்டும்."

வாஞ்சிநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு மாசம் ஓடின சாமானா இது? கடையில இருக்கற புதுசைவிட பளபளன்னு இருக்கே."

சகீலா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கப்ளிங்கை இடுக்கியில் இறுக்கி அறுத்தார். ரம்பம் நின்றதும் இரண்டு பாதியாகப் பிளந்து வைத்தார். உள்ளேயும் வெளியேயும் ஒரே மஞ்சள். சுத்தப் பித்தளை. ஸ்பிரிங் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஸ்பிரிங் இருந்த இடுக்கு முழுக்கக் கரும்பழுப்பாக எதுவோ காய்ந்து இறுகிக் கிடந்தது. வாஞ்சிநாதன் ஊசியால் கிளறினார். நார் ஒன்று நீளமாக வந்தது. மூக்கருகில் கொண்டுபோனார்.

"புளி."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"இதைப் புளியில ஊறப் போட்டிருக்கா. குத்துவிளக்கு தேய்க்கறாப்பல. இந்த வளையம் முன்னாடி வந்தாத்தான் பூட்டும். புளி அடைச்சுண்டதால பாதி வழியில நின்னுடுத்து. பார்த்தா பூட்டினாப்பல இருக்கும். சூடா பிரஷர் ஏறினதும் தெறிக்காம என்ன பண்ணும்?" அவர் நிமிர்ந்தார். "சரக்குல ஒரு குத்தமும் இல்லை. யாராக்கும் இந்த வேலை பண்ணினது?"

சகீலாவுக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது.

பராஅத்துக்கு முந்தின நாள் வீட்டுப் பித்தளை மொத்தத்தையும் அவள்தான் கிணற்றடியில் போட்டாள். கிண்டி, தாம்பாளம், பன்னீர்ச் செம்பு. ஆஷிஃபா வீட்டார் பராஅத்துக்கு ரொட்டி கொண்டுவரப் போகிறார்கள் என்று ஒரு தடபுடல். கழுவும் கல்லின்மேல் இந்தக் கப்ளிங் கறுத்துப் போய்க் கிடந்தது. 'வாங்கத் தெரிஞ்சவளுக்கு விளக்கத் தெரியலை' என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் புளியும் உப்பும் கரைத்த சட்டிக்குள் போட்டாள். இரவு முழுக்க ஊறியது. பராஅத் அன்று சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய ஷானவாஸின் கையில் தானே எடுத்துக் கொடுத்தாள். "இந்தா, உன் மதினி சாமான். இப்பப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு." மாட்டியதும் ஒருதரம் இழுத்துப் பார்க்கச் சொல்லி நிஸா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அம்மா விளக்கிக் கொடுத்ததை எவன் இழுத்துப் பார்ப்பான்?

மகன் அன்று ஆஸ்பத்திரியில் கத்திய கத்தல் சகீலாவின் காதுக்குள் திரும்பக் கேட்டது. அவள் நெஞ்சு உண்மையிலேயே நொந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேதனையை முந்திக்கொண்டு பயம் வந்துவிட்டது. ஷானவாஸுக்குத் தெரிந்தால்? ஆஷிஃபாவின் அம்மாவுக்குத் தெரிந்தால்? இவள், இந்த நிஸா, இனி என்னவெல்லாம் சொல்லிக் காட்டுவாள்?

அவள் ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தாள். நிஸாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை சேட்டா" என்றாள் நிஸா நிதானமாக. "வீட்டுல போய் விசாரிக்கணும்."

"விசாரியுங்கோ. நாளைக்குக் காலமே நானே வந்து புதுசை மாட்டித் தரேன். எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கப்படாதுன்னு எல்லாரையும் நிக்க வச்சு ஒருதரம் சொல்லிட்டும் போறேன்."

*

ஆட்டோவில் சகீலாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"கடைக்காரன் சொன்னா வேதமா? தன் சரக்கு மட்டம்னு எவன் வாயால சொல்லுவான்?"

நிஸா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். வீட்டுல போய் ஏதாவது கதை கட்டினேன்னு வை, மாமியார் மேல பழி போடுறான்னு ஊரே காறித் துப்பும். உன் புருஷனே உன்னை நம்ப மாட்டான்."

"அது எனக்குத் தெரியும் மாமி" என்றாள் நிஸா. ஆட்டோ கால்வாய் ஓரமாக வந்தபோது டிரைவரின் தோளைத் தொட்டாள். "சேட்டா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஷானவாஸ் தம்பிக்குக் களிம்பு தீர்ந்துபோச்சு."

பையை இருக்கையில் வைத்துவிட்டு மருந்துக் கடைப் பக்கம் போனாள்.

அவள் முதுகு கடைக்குள் மறைந்ததும் சகீலா பைக்குள் கை விட்டாள். துணிப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தாள். அறுத்த கப்ளிங்கின் ஒரு பாதிதான் இருந்தது. மற்றது கடை இடுக்கியிலேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டோவின் மறுபக்கம் கையை நீட்டி, அதைக் கால்வாய்த் தண்ணீருக்குள் போட்டாள். கறுத்த தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது.

மகனுக்குக் களிம்பு வாங்கப் போனவள் திரும்பி வந்தபோது, மகனைப் பெற்றவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

*

அசர் முடிந்தது. கூடத்தில் தாவூது நாற்காலியில் உட்கார்ந்தார். ஷாஹிர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தான். ஷானவாஸ் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தான்.

"கடையில என்ன சொன்னாங்க?" என்றார் தாவூது.

நிஸா பேசுவதற்கு முன்னால் சகீலா பாய்ந்தாள். "என்ன சொல்லுவாங்க? அந்தச் சேட்டனே அறுத்துப் பார்த்தாரு. உள்ளே சரக்கு மட்டம். வெறும் பூச்சு. அவர் முகமே செத்துப் போச்சு."

சொல்லி முடித்து மருமகளைப் பார்த்தாள். நிஸா இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தாள். அதற்கான பதில்களையும் வரிசையாக வைத்திருந்தாள்.

"அப்படியாம்மா?" தாவூது மருமகளைப் பார்த்தார்.

நிஸா திரும்பி ஷாஹிரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, 'அவளைப் பேச விடுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம்.

"சாவியைக் குடுத்துடு நிஸா" என்றான் ஷாஹிர் தரையிடம். "வெறுதே சண்டை வேணாம்."

நிஸாவின் கண் ஒரு நொடி கலங்கியது. அடுத்த நொடி அதுவும் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா." நேரே வந்து சாவியை சகீலாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கி விட்டாள். "மாமிகிட்டயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில வாஞ்சிநாதன் சேட்டன் புதுசை மாட்ட வர்றாரு. மாமியே திறந்து விடட்டும். அவர் சொல்றதை எல்லாரும் நின்னு கேக்கணும்னு சொல்லியிருக்காரு. இல்லையா மாமி?"

சகீலாவுக்குச் சாவி கைக்கு வந்துவிட்டது. ஐந்து வருஷமாகக் கேட்ட சாவி. அதை முந்தானையில் முடிந்துகொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

"மதினி தெரிஞ்சா செஞ்சாங்க" என்று ஷானவாஸ் முணுமுணுத்தான். "விடுங்கம்மா இனி."

"நீ சும்மா இருடா" என்றாள் சகீலா. குரலில் பழைய உறுதி இல்லை.

*

மக்ரிப் தொழுகைக்கு முன்னால் மீன் குழம்பு வைத்துவிட வேண்டும். சாளை நறுக்கி வைத்தாயிற்று. நிஸா ஒரு மூலையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சகீலாவின் மனசு முழுக்க நாளைக் காலைதான். வாஞ்சிநாதனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அவர் ஏன் என்று கேட்டால்?

யோசனையோடே புளி ஜாடியின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

விரலில் பட்டது புளி இல்லை. கனமாக, சில்லென்று இருந்தது. வெளியே எடுத்தாள். கப்ளிங்கின் மற்றப் பாதி. பிளந்த வயிற்றுக்குள் ஸ்பிரிங்கும், அந்தக் கரும்பழுப்பும், தொங்குகிற நாரும் அப்படியே இருந்தன.

அவள் திரும்பினாள். நிஸா தலை நிமிரவில்லை. வெங்காயத் தோல் ஒன்றன்பின் ஒன்றாக முறத்தில் விழுந்தது.

"அம்மா, கொஞ்சம் சாயா கிடைக்குமா?"

வாசலில் ஷானவாஸ். இடது கையில் காலி கிளாஸ். அவன் கண் அம்மாவின் கைக்குப் போயிற்று.

"அது என்னம்மா? அந்தக் கப்ளிங்கா? புளி ஜாடிக்குள்ள என்ன பண்ணுது?"

சகீலாவின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது. பதினோரு நாளாக ஒரே பக்கம் ஓடிப் பழகிய வாய்.

"எல்லாம் உன் மதினி வேலை! இதைப் புளியில ஊறப் போட்டிருக்காடா, பாவி. புளி உள்ளே போய் அடைச்சு, வளையம் பூட்டாம நின்னு, அதனாலதான் தெறிச்சு உன் கை வெந்துச்சு. கடைக்காரரே அறுத்துப் பார்த்துச் சொன்னாரு. இந்தா பாரு, நாரு. உன் கையை வேக வச்சது இந்தப் புளிதான்டா!"

வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

ஷானவாஸ் கிளாஸைக் கீழே வைத்தான். அந்தப் பாதியை அம்மாவிடமிருந்து வாங்கினான். வெளிப்பக்கம் இன்னும் பளபளத்தது. அதைக் கட்டைவிரலால் தடவினான்.

"சரக்கு மட்டம்னு கூடத்துல அத்தாகிட்ட சொன்னீங்க" என்றான்.

சகீலா புளி ஜாடியை மூடினாள்.

"அன்னைக்குக் காலையில இதை விளக்கி, கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொல்லி என் கையில குடுத்தது நீங்கதானேம்மா."